புஜியான்: மலையும் கடலும் கற்களும்

சீனத்தின் தென்கிழக்குக் கரையில், தைவான் தீவுக்கு எதிரே அமைந்தது புஜியான் மாகாணம். அதன் பெரும்பகுதி மலையும் குன்றுமே. விளைநிலம் அரிதாகவே மக்கள் மலைச்சரிவில் தேயிலை வளர்த்தனர். கடலையே வயலாகக் கொண்டனர். நாம் வழங்கும் 'தேயிலை' என்னும் சொல்லின் முற்பகுதியும் அக்கரையோரப் பேச்சிலிருந்து பரவியதேயாகும்.

13ஆம் நூற்றாண்டில் அங்குள்ள சுவான்சௌ உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாய் விளங்கிற்று. மங்கோலியக் கானின் நலம் வேண்டித் தமிழர் அங்கே சிவன் கோயில் எழுப்பியதை 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. 1009இல் கட்டப்பெற்ற பள்ளிவாசலை இன்றும் காணலாம். தாமரைமேல் சிலுவை பொறித்த கல்லறைக் கற்களும் கிடைத்துள்ளன. 1368இல் மங்கோலிய ஆட்சி வீழ்ந்தபின் அத்திருச்சபை மறைந்தது, கற்களே எஞ்சின.

அபினிப் போரின் முடிவில், 1842ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சியாமென், பூசௌ துறைமுகங்கள் அயலாருக்குத் திறக்கப்பட்டன. நற்செய்திப் பணியாளரும் அவ்வழியே நுழைந்தனர். பீரங்கி திறந்த வாசல் அது என்பதை நாம் மறைத்தலாகாது. ஆயினும் 1949க்குப் பின் அயல்நாட்டுப் பணியாளர் வெளியேறியபோது, சபை அவர்களோடு போய்விடவில்லை. இன்னல்களினூடே அம்மண்ணின் மக்களிடையே நிலைத்தது.

2021இல் சுவான்சௌவின் தொன்மையிடங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அங்குச் செல்வோர் கற்களைக் கண்டு வியப்பர். ஆட்சியின் நிழலும் வணிகரின் செல்வமும் கற்களை நாட்டக்கூடும். சபையை நிலைநிறுத்துவோர் மண்ணின் மக்களே என்பதை நாம் அவற்றினின்று கற்றல் வேண்டும்.