நம் பீலியில் அயலார் குழாய்

மலையகத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குப் பீலியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மலைச்சரிவில் ஊறும் நீர் தாரையாக விழ, லயத்து மக்கள் குளிக்கவும் குடிக்கவும் கூடும் இடம் அது. வழிப்போக்கர் ஒருவர் ஒரு குடம் பிடித்துப் போனால் எவரும் தடுப்பதில்லை. அதே பீலியில் இரவோடிரவாக ஒருவர் குழாய் பொருத்தித் தம் தேநீர்க்கடைக்கு நீரைக் கொண்டுபோனால் அது வேறு கதை. இணையத்தில் அந்தக் கதைக்கு 'ஹொட்லிங்கிங்' என்று பெயர்.

2006இல் எனக்கு அது நேர்ந்தது. ஹட்டனுக்கு அப்பால், டிக்கோயாப் பக்கத்தில், கொழுந்து நிறுக்கும் வேளையில் எடுத்த படமொன்றை என் தளத்தில் இட்டிருந்தேன். ஒரு மாதம், 12ஆம் நாளே எனக்குரிய தரவு அளவு தீர்ந்து தளம் முடங்கியது. வழங்கியின் பதிவேட்டைப் பார்த்தபோது விடை கிடைத்தது. வெளிநாட்டுத் தேயிலை வணிகர் ஒருவர் அப்படத்தின் முகவரியைத் தம் முகப்புப் பக்கத்தில் பொருத்தியிருந்தார். அவர் கடைக்கு யார் வந்தாலும் படம் என் வழங்கியிலிருந்து போயிற்று. கட்டணம் என் தலையில் விழுந்தது. பணம் சிறிதுதான். என்னை உறுத்தியது வேறு: பத்திரிகைக்கு என்று சொல்லித்தான் அந்தப் பெண்ணைப் படமெடுத்திருந்தேன், தேயிலை விற்க என்று சொல்லி அன்று.

இந்த ஓட்டை இணையத்தோடு பிறந்தது. 1993 பெப்ரவரியில், பக்கங்களுக்குள் படம் காட்டும் குறியொன்றை மொசேக் உலாவியை உருவாக்கிய மார்க் அன்ட்ரீசன் முன்மொழிந்தார். படம் உலகின் எந்த வழங்கியிலும் இருக்கலாம், முகவரி தெரிந்தால் போதும் என்பது அதன் ஏற்பாடு. 1996இலேயே பூசல் தொடங்கிவிட்டது. டான் வாலக் என்ற ஆய்வு மாணவர், டில்பர்ட் சித்திரத் தொடரை அதன் உரிமையாளரான யுனைட்டட் மீடியாவின் தளத்திலிருந்தே தம் பக்கத்தில் வரவழைத்துக் காட்டினார். நிறுவனம் ஆட்சேபிக்க, அவர் விலக்கிக்கொண்டார்.

தடுப்பதற்குரிய கருவியும் அதே காலத்தில் வந்தது. உலாவி ஒரு படத்தைக் கேட்கும்போது, எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது என்பதையும் வழக்கமாகச் சொல்லிவிடுகிறது. இதற்கான 'ரெஃபரர்' என்ற தலைப்பு 1996 மே மாத நியமத்தில் பதிவாயிற்று. ஆங்கிலத்தில் இரண்டு 'ஆர்' வரவேண்டிய இடத்தில் ஒன்றே விழுந்துவிட்டது. அப்பிழையை இன்றுவரை உலகமே சுமக்கிறது (மெய்ப்புத் திருத்துநர் இல்லாத அச்சகம் போலும்!). அதே ஆண்டு ஏப்ரலில் ரால்ஃப் எங்கல்ஷால் எழுதிய 'மொட் ரீரைட்' என்ற நிரல், 1997இல் அப்பாச்சிக் குழுவுக்குக் கொடையாயிற்று. கேட்கும் பக்கம் நம்முடையதானால் படத்தைக் கொடு, இல்லையேல் மறு என்று அதன் துணையுடன் சில வரிகளில் கட்டளையிடலாம். முகவரி சொல்லாமல் வருவோரை மட்டும் விட்டுவிட வேண்டும்; இல்லையெனில் மெய்யான வாசகர் சிலரும் வாசலில் நிற்க நேரும். படத்தைத் தரவிறக்கித் தம் வழங்கியில் வைத்துக்கொள்பவரை இக்காவல் தடுக்காது. குரோம் உலாவி 2020 முதல் அயல் தளங்களுக்கு முழு முகவரியைத் தராமல் தளத்தின் பெயரை மட்டும் தருகிறது. இந்தக் காவலுக்கு அதுவே போதும்.

நீதிமன்றங்கள் தடுமாறின. புகைப்படக் கலைஞர் லெஸ்லி கெலி, ஆரிபா என்ற தேடுபொறிமீது தொடுத்த வழக்கில், முழு அளவுப் படத்தை இவ்வாறு காட்டுவது உரிமை மீறல் என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் கூறியது. 2003இல் அப்பகுதியை மீளப்பெற்றது. 2007இல் வேறொரு வழக்கில், பிரதியைத் தன் வழங்கியில் வைத்திராதவர் அதைக் காட்டியவராகார் என்றது. பீலி நம்முடையதாதலால் நீர் கொடுத்தவரும் நாமே என்பதுபோல! ஐரோப்பிய நீதிமன்றம் 2021இல் சொன்னது எனக்கு நியாயமாகப் படுகிறது: உரிமையாளர் தடுப்பு வைத்திருக்கையில் அதைத் தாண்டிச் சட்டகத்துள் காட்டுவதற்கு அனுமதி வேண்டும். வேலி போட்டவனுக்கே வழக்கு உண்டு.

மலையகத்துக்கு இது பழக்கமான வழக்குத்தான். இங்கு விளைந்த தேயிலை மொத்தமாகக் கப்பலேறி, வெளியே கலக்கப்பட்டு, பிறர் பெயரில் விலைபோன வரலாறு நீண்டது. இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை அதற்கு இட்ட வேலி. முழுவதும் இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்டு, தரமும் தேறினாலன்றி அச்சிங்கத்தைப் பொதியில் அச்சிட இயலாது.

என் கதைக்கு வருகிறேன். கதவடைப்பதற்குப் பதிலாகப் படத்தை மாற்றுவதும் ஒரு வழி. 2007இல் அமெரிக்க அரசியல்வாதி ஜோன் மக்கெய்னின் மைஸ்பேஸ் பக்கம், மைக் டேவிட்சன் என்பவரின் வழங்கியிலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது. டேவிட்சன் படத்தை மாற்றிவிட, மக்கெய்ன் தம் கொள்கையையே கைவிட்டதாக ஓர் அறிவிப்பு அவர் பக்கத்திலேயே தோன்றியது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. அந்தப் பெண்ணின் படத்தை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, பழைய முகவரியில் அதே தோட்டத்து லயத்தின் படத்தை வைத்தேன்: கூரையில் கல் ஏற்றிய தகரம், வாசலில் சேறு.

'தூய மலைத் தேயிலை' என்ற தலைப்பின்கீழ் இரண்டு நாள் அது நின்றது. மூன்றாம் நாள் அங்கே ஓர் அருவியின் படம் இருந்தது. அது யாருடைய வழங்கியிலிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை.