பென்லோமண்ட்

பென்லோமண்ட், இரண்டாம் உலகப் போரின்போது தென் அட்லாண்டிக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் சரக்குக் கப்பல். ஸ்காட்லாந்தின் பென் லைன் நிறுவனத்துக்குச் சொந்தமானது.

மூழ்கடிப்பு: கேப்டவுனிலிருந்து டச்சு கயானாவின் (இன்றைய சுரினாம்) பாராமரிபோ துறைமுகத்துக்குப் போர்க்கப்பல் துணையின்றித் தனியே சென்றுகொண்டிருந்த இக்கப்பலை, 1942 நவம்பர் 23 அன்று ஜெர்மனியின் யூ-172 நீர்மூழ்கிக் கப்பல் டார்பிடோக்களால் தாக்கியது. கார்ல் எம்மர்மன் அதன் தளபதி. சில நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கியதால் உயிர்காப்புப் படகுகளை இறக்க அவகாசம் கிடைக்கவில்லை. கப்பலிலிருந்த 54 பேரில் 53 பேர் மாண்டனர்.

உயிர் தப்பியவர்: பிழைத்த ஒரே மனிதர் பூன் லிம். சீனாவின் ஹைனான் தீவில் பிறந்த இவர் கப்பலில் பணியாளராக இருந்தார். நீந்திச் சென்று ஒரு மரமிதவையைப் பற்றினார். அதிலிருந்த பிஸ்கட்டும் குடிநீரும் குறையவே, உயிர்காப்புச் சட்டையின் கித்தான் துணியை விரித்து மழைநீர் பிடித்தார்; டார்ச் விளக்கின் கம்பியை வளைத்துத் தூண்டில் முள்ளாக்கி, சணல் கயிற்றில் கட்டி மீன் பிடித்தார். 133 நாட்களுக்குப் பின், 1943 ஏப்ரல் 5 அன்று, பிரேசில் கரைக்கு அருகே மீனவர்கள் அவரைக் காப்பாற்றினர்.

பின்விளைவு: பூன் லிம்முக்குப் பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கம் வழங்கப்பட்டது. யூ-172 கப்பலை 1943 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது. போருக்குப் பின் அமெரிக்காவில் குடியேறிய பூன் லிம் 1991இல் காலமானார்.