ஆறு வயதுக்கு முன்னே

தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் திருவிதாங்கூரில் இருந்த காலம். கல்விச் செலவு அரசின் பொறுப்பு என்று 1817-லேயே ஆணையிட்டார் ராணி கௌரி பார்வதி பாய். ஆனால் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று விரிவான சட்டம் வர 1995 ஆயிற்று. அதற்குள் அந்த இரு வட்டங்களும் அடங்கிய நாஞ்சில் நாடு தமிழகத்தோடு சேர்ந்தே 39 ஆண்டுகள்.

18 வயதுவரை இலவசக் கல்வி என்றது அந்த 1995 சட்டம். 2016-இல் வந்த புதிய சட்டமோ அந்த உரிமையை 6 வயதில்தான் தொடங்குகிறது. பேச்சு தாமதிப்பது இரண்டு, மூன்று வயதிலேயே தெரிந்துவிடுமே! அமெரிக்கா 1986-லேயே குறைபாடுள்ள கைக்குழந்தைகளையும் இத்தகைய சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

இந்தியாவில் ஆறு வயதுக்கு முந்தைய இந்த இடைவெளியை ஓரளவு அடைப்பது 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம். ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வர வேண்டும். எடை, உயரம் பார்ப்பார்கள். கூப்பிட்டால் பிள்ளை திரும்புகிறதா என்று கவனிப்பார்கள். சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் சட்டத்தில் உள்ள அந்த 6 என்ற எண்ணைத் திருத்தியாக வேண்டும்.