கண்ணுக்கே தெரியாத கருந்துளையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கருந்துளையிலிருந்து ஒளி வெளியே வராது. அப்புறம் அது இருப்பது எப்படித் தெரியும்? பக்கத்தில் இருக்கும் நட்சத்திரம்தான் காட்டிக்கொடுக்கும். அதன் வாயுவைக் கருந்துளை இழுக்க, சுழன்று விழும் வாயு பல லட்சம் டிகிரி சூடாகி எக்ஸ்ரே கதிர்களை வீசும்.

பூமியின் காற்று எக்ஸ்ரேயைத் தடுத்துவிடும். அதனால் மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். 1964இல் ராக்கெட்டில் போன கருவி சிக்னஸ் எக்ஸ்-1ஐக் கண்டது. இஸ்ரோ 2015இல் அனுப்பிய ஆஸ்ட்ரோசாட்டும் அதை ஆராய்ந்தது.

ஆனால் எக்ஸ்ரே மட்டும் போதாது. நியூட்ரான் நட்சத்திரமும் இப்படி ஒளிரும். தீர்ப்பு சொல்வது நிறைதான். சிக்னஸில் துணை நட்சத்திரம் 5.6 நாளுக்கு ஒரு சுற்று வருகிறது. அதன் வேகம், தூரத்தை வைத்துக் கணக்கிட்டால், மறைந்திருக்கும் பொருள் சூரியனைப்போல் சுமார் 21 மடங்கு. நியூட்ரான் நட்சத்திரம் சுமார் 3 மடங்கைத் தாண்டாது. அப்படியென்றால், அது கருந்துளைதான்.