விம்மல்கள் பாடமும் ஒரு பழைய சிந்தசைசரும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தேன். 1991இல் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்த தம்பி ஒருவன் மண்டபத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டான். "சார், அரை மணி நேரம் வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்றான். இப்போது ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறான். அவன் வீட்டு மாடி அறையில், மரச்சட்டம் போட்ட ஒரு பழைய பெட்டி இருந்தது. 44 கட்டைகள், அதற்கு மேல் வரிசையாகத் திருகுகள். அமெரிக்காவில் செய்தது என்பதால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்டுகிறான். ஸ்விட்சைப் போட்டுவிட்டு, "கொஞ்சம் சூடாகட்டும் சார், அதுவரைக்கும் சுருதி நிக்காது" என்றான்.

மினிமோக் என்று பெயர். பெட்டியில் இருந்த எழுத்தைப் பார்த்து நான் 'மினிமூக்' என்று வாசித்தேன். "மூக்கு இல்ல சார், மோக்" என்று திருத்தினான்.

ராபர்ட் மோக் 1934இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிறு வயதிலேயே தெரமின் என்ற கருவியைச் செய்யக் கற்றார். கையால் தொடாமல், காற்றில் கையை அசைத்தே வாசிக்கும் கருவி அது. பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். நம்ம பாடம்தான்! 1964இல் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து தன் முதல் சிந்தசைசரை உருவாக்கினார். அதன் அடிப்படை எளிமையானது. மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். வோல்ட் மீட்டரில் முள் நகர்வதை மட்டுமே பார்த்த நமக்கு, அதே வோல்ட் பாடும் என்று யார் சொன்னார்கள்?

அந்த முதல் கருவிகள் பீரோ அளவு. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போல ஒயர்களைச் செருகிச் செருகித்தான் ஒலியை அமைக்க வேண்டும். 1968இல் வெண்டி கார்லோஸ் அதைக் கொண்டு பாக்கின் இசையை ஒவ்வொரு வரியாகப் பதிந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1969இல் நம் நாட்டுக்கும் ஒன்று வந்தது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் அதை நிறுவிக் கொடுத்தார்.

ஆனால் பீரோவை மேடைக்குத் தூக்கிப் போக முடியுமா? மோக்கின் பட்டறை நியூயார்க் மாநிலத்தில் ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் இருந்தது. அங்கே பில் ஹெம்சாத் என்ற பொறியாளர், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கழித்துப் போட்ட பாகங்களை ஒட்டவைத்து ஒரு சின்னக் கருவி செய்தார். ஒயர் செருக வேண்டியதில்லை, இணைப்பெல்லாம் உள்ளேயே. அதைத் திருத்தித் திருத்தி நான்காவதாக வந்த மாதிரிதான் 1970இல் விற்பனைக்கு வந்தது. விலை சுமார் 1,500 டாலர்.

இது எப்படி ஒலிக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனை. ஒரே சுருதியில் 'ஊ' என்று தொடங்கி, நிறுத்தாமல் வாயை மெல்லத் திறந்து 'ஆ'வுக்கு வாருங்கள். (வீட்டில் யாரும் இல்லாதபோது செய்யுங்கள்.) தொண்டை எழுப்பும் ஸ்வரம் மாறவில்லை, வாயின் வடிவம்தான் மாறியது. மினிமோக்கில் தொண்டை என்பது ஆசிலேட்டர், மூன்று உண்டு. வாய் என்பது வடிப்பான். ரம்பப் பல் போன்ற அலையில் எல்லாச் சீரிசைகளும் இருக்கும். மேலே உள்ளவற்றை வடிப்பான் மழுக்கிவிடும். டிரான்சிஸ்டர்களை ஜோடி ஜோடியாக ஏணிப் படிபோல அடுக்கிய அந்தச் சுற்றுக்கு மோக் 1969இல் காப்புரிமை பெற்றார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மினிமோக்கில் ஒரு கணக்குப் பிழையால் வடிப்பானுக்குள் திட்டமிட்டதைவிட அதிக பலத்தோடு ஒலி போகிறது. அதனால் ஒலி லேசாகக் கரகரத்துத் தடிக்கிறது. வாசித்தவர்கள் மயங்கியதே அந்தத் தடிப்பில்தான். ஆசிலேட்டர்களும் மூன்றும் ஒரே சுருதியில் அச்சடித்தாற்போல் நிற்பதில்லை; மயிரிழை விலகும். இரண்டு நாதஸ்வரம் சேர்ந்து வாசிக்கும்போது ஒரு நிறைவு வருமே, அதற்குக் காரணமும் இந்த விலகல்தான்.

ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். ரிக் வேக்மன் என்ற ஆங்கிலேயக் கலைஞர் தன் முதல் மினிமோக்கை மலிவு விலைக்கு வாங்கிய கதையை அவரே சொல்வார். விற்றவர், ஒரு கட்டைதான் ஒலிக்கிறது, கருவி பழுது என்று நினைத்தாராம்! இடப்பக்கம் ஒரு சக்கரம் உண்டு. அதை உருட்டினால் ஸ்வரம் வளைகிறது. கமகம் வராது என்பது ஆர்மோனியத்தின் மேல் நம் வித்வான்கள் சொன்ன குறை. அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கியே வைத்தது. இந்தச் சக்கரத்தை அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

மோக்குக்கு வியாபாரம் கைவரவில்லை. 1971இல் கடன் தாளாமல் கம்பெனியைக் கைமாற்றினார், 1977இல் வெளியேறினார். தன் பெயரையே தன் கருவிகளுக்கு வைக்க முடியாத நிலை. மினிமோக் 1981இல் நின்றது. அடுத்து டிஜிட்டல் கருவிகள் வந்தன; சுருதி விலகாது, விலையும் தாங்கும். பழையவை செகண்ட் ஹேண்ட் கடைகளில் கிடந்தன. 2002இல்தான் அவருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. 2005இல் மறைந்தார்.

பெட்டி சூடானதும் தம்பி இரண்டு ஆசிலேட்டர்களை மட்டும் ஒலிக்கவிட்டு, ஒன்றின் திருகை மெல்ல நகர்த்தினான். வாம், வாம், வாம் என்று ஒலி ஏறி இறங்கியது. சுருதிகள் நெருங்க நெருங்க அந்த ஏற்ற இறக்கம் மெதுவாகி, மூச்சு விடுவதுபோல் ஆகி, நின்றது. விம்மல்கள்! இரண்டு அதிர்வெண்களின் வேறுபாடு. எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட சூத்திரம்.

1991இல் இதே பாடம் நடத்தியபோது இவன் எழுந்து, "சார், இதைக் கேட்க முடியுமா?" என்றான். "பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன். அதை அவனிடம் சொன்னேன். "அப்படியா சார்? எனக்கு ஞாபகமே இல்ல" என்று சிரித்தான். உண்மையா, எனக்காகச் சொன்னானா, தெரியவில்லை.

அதைக் காட்டச் சிந்தசைசர் வேண்டியதில்லை. இரண்டு இசைக்கவைகளும் கொஞ்சம் மெழுகும் போதும். இரண்டும் ஆய்வக பீரோவில் இருந்தன. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.