கொபேன்: கார்க் கண்ணாடியில் ஒரு துறவியின் பெயர்

கார்க் கண்ணாடியின் கீழ்மூலையில் சின்னதாக ஒரு முத்திரை இருக்கும். தயாரித்தவர் பெயர், கண்ணாடியின் வகை, தர எண், தயாரித்த காலத்தைக் குறிக்கும் புள்ளிகள் எல்லாம் அதில் அடங்கியிருக்கும். ஆயுள் முழுக்கக் காரில் போய்வந்தவர்களில்கூடப் பலர் அதைப் படித்திருக்க மாட்டார்கள். பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் படிப்பார்கள். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகப் புதிது போடும்போது, பழைய முத்திரையையும் அதே எழுத்தமைப்பில் பொறிக்க வேண்டும் என்று மெனக்கெடுவார்கள். அப்படிப் பொறிக்கப்படும் பெயர்களில் ஒன்றின் பிறப்பைத் தேடிப் போனால், அந்த வழி காரைக்கால் வரலாற்றின் அருகே வந்து போகிறது.

அந்தப் பெயர் சேன்-கொபேன். நம் கடைத்தெருவில் ஆங்கில வழியில் செயின்ட் கோபைன் என்பார்கள். 'சேன்' என்றால் புனிதர். கொபேன் 7ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வடக்குப் பிரான்சுக்கு வந்து, காட்டில் குடில் அமைத்துத் தவமிருந்து, அங்கேயே கொலையுண்ட துறவி. அவர் வாழ்ந்த இடத்தில் எழுந்த ஊருக்கு அவர் பெயரே நிலைத்தது. காரைக்காலில் இது நேர்மாறாக நடந்தது. புனிதவதி என்ற பெண்ணுக்கு ஊர் தன் பெயரைக் கொடுத்து, காரைக்கால் அம்மையார் ஆக்கியது. அங்கே துறவி ஊருக்குப் பெயர் கொடுத்தார். ஊர் அதைக் கண்ணாடிக்குக் கொடுத்தது.

கொபேன் என்பதன் வேர் பழைய ஐரிஷ் மொழியில் கொல்லனைக் குறிக்கும் சொல். அதன் குறுமை வடிவமே கொபான், அதாவது சின்னக் கொல்லன். உலைக்களத்துப் பெயர் கண்ணாடி உலைக்கு வந்து சேர்ந்தது பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் இது தற்செயல். கண்ணாடிக்காரர்கள் அந்த ஊரைத் தேடிப் போனது உலை எரிக்கக் காட்டில் கிடைத்த விறகுக்காக. ஓசையிலும் பொருளிலும் ஒத்துப்போகிறதே என்று உறவு கற்பிப்பதுதான் சொல்லாராய்ச்சியைக் கெடுக்கும் பழக்கம்.

கண்ணாடி ஆலை அந்த ஊரில் பிறந்ததும் இல்லை. 1665இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர், வெனிசிடம் நிலைக்கண்ணாடி வாங்கும் செலவைத் தவிர்க்க, அரச ஆணையுடன் பாரிசில் அதைத் தொடங்கினார். வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தின் 357 கண்ணாடிகளும் அந்த முயற்சியின் விளைவு. பிறகு, 1690களில்தான் உற்பத்தி சேன்-கொபேன் ஊருக்குப் போனது. இதே கோல்பேர்தான் 1664இல், அதாவது ஓராண்டு முன்பு, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியையும் நிறுவினார். அந்தக் கம்பெனிதான் 1739இல் காரைக்காலைத் தஞ்சை மராத்தியரிடமிருந்து பெற்றது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறும் வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இடையில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த ஆண்டுகள் வேறு கணக்கு. கம்பெனி மறைந்துவிட்டது. 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பெயரில் அந்த ஆட்சியின் சொல் ஒன்று இன்னும் அரசுப் பலகைகளில் இருக்கிறது. கண்ணாடி ஆலையின் வாரிசோ 2000இல் ஸ்ரீபெரும்புதூரில் உலை மூட்டியது.

இனி முத்திரையில் அடுத்துள்ள சொல்லுக்கு வருவோம்: செக்யூரிட். பாதுகாப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வாலை நறுக்கிச் செய்த வணிகப் பெயர் இது. அதன் லத்தீன் மூலத்துக்குக் 'கவலை இல்லாமை' என்று பொருள். அறுநூறு பாகைக்கு மேல் சூடாக்கி, குளிர்காற்றைச் சட்டென அடித்து இறுக்கிய கண்ணாடிக்கு, இரு உலகப் போர்களுக்கு இடையே சூட்டிய பெயர். அடிபட்டால் அது கத்தி போன்ற சில்லுகளாகப் பிளக்காமல் சிறு மணிகளாக உதிரும். பிரெஞ்சு முத்திரையில் இந்தச் சொல்லின் நடுவே 'சே' (C) எழுத்து இருக்கும். 1853இலேயே ஜெர்மனியின் மான்ஹைமில் ஆலை வைத்த நிறுவனம் இது. ஜெர்மன் வழக்குப்படி அங்கே அதே இடத்தில் 'கா' (K) எழுத்து வந்தது. இன்று உலகெங்கும், நம் நாட்டிலும், கார்க் கண்ணாடிக்கு அந்த 'கா' வடிவமே நிலைத்துவிட்டது. தமிழில் எழுதினால் வேறுபாடு தெரியாது. கண்ணாடியிலோ அந்த ஓர் எழுத்தே காலத்தையும் இடத்தையும் சொல்லிவிடும்.

எழுத்தமைதியைக் கொண்டு கல்வெட்டின் நூற்றாண்டைச் சொல்லும் ஆய்வாளரைப் போலத்தான் இதையும் படிக்க வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் பெழோ 203 ஒன்றைக் காரைக்காலில் ஒருவர் புதுப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1948 முதல் 1960 வரை தயாரான வண்டி. அதன் கதவுக் கண்ணாடியில் பாலத்தின் உருவத்துடன் சேன்-கொபேன் சின்னம் இருந்தால் அது பிற்காலத்துக் கண்ணாடி. அந்தப் பாலம் பொந்த்-ஆ-மூசோன் ஊருடையது. அவ்வூரின் பெயர் தாங்கிய இரும்புக்குழாய் நிறுவனம் 1970இல் இதனுடன் இணைந்த பிறகே அந்த உருவம் சின்னத்தில் ஏறியது. வட்டத்துக்குள் 'ஈ 2' என்று பிரான்சைக் குறிக்கும் எண்ணும், அருகே '43' என்ற விதி எண்ணும் இருந்தால் இன்னும் பிந்தியது. அந்த ஐ.நா. விதி நடப்புக்கு வந்தது 1981இல். புதிய கண்ணாடியின் முத்திரையை அப்படியே நகலெடுத்துப் பழைய வண்டியில் பொறிப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

பொறிக்கும் வேலைக்கும் முறை உண்டு. ஸ்டென்சில் ஒட்டிச் சாண்ட் பிளாஸ்டிங் செய்யலாம், அல்லது அமிலப் பசை தடவி அரிக்க விடலாம். செக்யூரிட் போன்ற டஃபன்ட் கண்ணாடியை இறுக்கிய பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது. அதன் மேல்தோல் இறுக்கத்தில் நிற்பதால் ஆழமாகக் கீறினாலும் மொத்தமும் நொறுங்கும். ஆகவே வெட்டி, விளிம்பு தேய்த்து, முத்திரையையும் பொறித்து, அதன் பிறகு உலைக்கு அனுப்புவதே நல்லது.

கொபேன் செய்யாத கண்ணாடியில் கொபேன் பெயரைப் பொறிப்பது சரியா? இதை நான் லேசான கேள்வியாக நினைக்கவில்லை. வண்டியின் வரலாற்றைக் காட்டும் அடையாளமாக, மீட்டுப் பொறித்தது என்று ஆவணத்தில் எழுதிவைத்துச் செய்தால் எனக்கு அதில் குறை தெரியவில்லை. சொல்லாமல் விற்றால் அது மோசடி. ஆனால் முத்திரையில் இருப்பவை எல்லாம் பெயர் அல்ல. சில சொற்கள் உறுதிமொழி. இன்று நம் நாட்டில் முன்கண்ணாடிக்கு லேமினேட் கண்ணாடிதான் போட வேண்டும். நடுவே பிளாஸ்டிக் படலம் கொண்ட அது விரிசல் விடுமே தவிர உதிராது. அதன்மேல் அந்தக் காலத்தைக் காட்டுவதற்காக 'செக்யூரிட்' என்று பொறித்தால், உதிரும் கண்ணாடி என்று பொய் சொன்னதாகும். விபத்தில் கதவு திறக்காமல் சிக்கியவரை மீட்க வருபவர், எதை உடைக்கலாம், எதை வெட்ட வேண்டும் என்று தீர்மானிக்க அந்தச் சொல்லைப் பார்க்கக்கூடும்.

2021இல் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டியை 'விஏ' என்ற எழுத்துகளுடன் விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். காரைக்கால் வண்டி என்றால் முன்னால் 'பிஒய்' வரும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது அந்த விதி. அப்படிப் பதியப்போகும் பெழோவுக்கு நான் சொல்வது இதுதான்: கதவுக் கண்ணாடிகள் டஃபன்ட் ஆகவே இருப்பதால் அவற்றில் 'சே' எழுத்துடன் பழைய முத்திரை முழுதும் வரட்டும். முன்கண்ணாடியில் உண்மையில் செய்த ஆலையின் பெயரும் ஐஎஸ்ஐ முத்திரையும் ரப்பர் பீடிங்குக்குள் மறையாமல் நிற்கட்டும். அதன் எதிர்மூலையில் சேன்-கொபேன் என்ற ஊர்ப்பெயர் மட்டும் போதும்.