அமெரிக்க எல்லைப்படையில் கத்தோலிக்க வீரரும் ஆன்மகுருவின் தேவையும்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் மேற்கு நோக்கி விரிந்தபோது, அந்நாட்டின் நிலையான படை பெரிதும் எல்லைக் கோட்டைகளிலேயே தங்கியிருந்தது. அப்படையின் சாதாரண வீரர்களில் புலம்பெயர்ந்தோர் மிகுதி. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தால் நாட்டை விட்டு வெளியேறிய ஐரிஷ் மக்கள் பலருக்குப் படைப்பணியே முதல் பிழைப்பாக அமைந்தது. அவர்களுள் பெரும்பாலோரும் ஜெர்மானியருள் ஒரு பகுதியினரும் கத்தோலிக்கர். ஆயினும் அவர்களுக்கென அமர்த்தப்பெற்ற குருக்கள் மிகச் சிலரே. இந்த இடைவெளி ஏற்பட்ட காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டமும் தேர்வும்

1838ஆம் ஆண்டுச் சட்டம் தொலைவிலுள்ள படைநிலையங்களில் ஆன்மகுரு ஒருவரை அமர்த்த வழிசெய்தது. அவரே பள்ளியாசிரியராகவும் பணியாற்ற வேண்டும். அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிலையத்து அதிகாரிகளைக் கொண்ட நிருவாகக் குழுவிடம் இருந்தது. அதிகாரிகளுள் பெரும்பாலோர் சீர்திருத்தச் சபையினர். ஆதலின் தேர்வும் அவ்வழியே சென்றது. சமயத் தேவை வீரர் வரிசையில் இருக்க, அதனை நிறைவு செய்யும் அதிகாரம் வேறோரிடத்தில் இருந்தது.

ஒரு நிலையத்திற்கு ஓர் ஆன்மகுரு என்னும் ஏற்பாடு நடுநிலையானதாகத் தோன்றலாம். சீர்திருத்தச் சபை வீரர் ஒருவர் பிறிதொரு சபைப் போதகரின் மறையுரையைக் கேட்டு ஓரளவு நிறைவுறக்கூடும். கத்தோலிக்கருக்கு அது இயலாது. திருப்பலி, பாவசங்கீர்த்தனம், நோயிற்பூசுதல் ஆகியவற்றைத் திருநிலை பெற்ற குருவே நிறைவேற்ற முடியும். எனவே, ‘பொது’ ஆன்மகுரு கத்தோலிக்க வீரருக்கு இறக்கும் தறுவாயில் பயன்படாதவராகிறார்.

மெக்சிக்கப் போர்

இச்சிக்கல் 1846இல் மெக்சிக்கோவுடன் போர் மூண்டபோது அரசியல் வடிவம் பெற்றது. குடியரசுத் தலைவர் போல்க், ஜான் மக்எல்ராய், ஆந்தனி ரே என்னும் இரு இயேசு சபைக் குருக்களைப் படையுடன் அனுப்பினார். இப்போர் தம் சமயத்திற்கு எதிரானதன்று என மெக்சிக்க மக்களை நம்பவைப்பதே அவரது முதன்மை நோக்கம். வீரரின் ஆன்மிக நலம் அதனை அடுத்தே வந்தது. ரே 1847 ஜனவரியில் மெக்சிக்க மண்ணில் கொல்லப்பட்டார். அமெரிக்கப் படையை விட்டு நீங்கி மெக்சிக்கோவின் சான் பத்ரீசியோ அணியில் சேர்ந்து போரிட்டுப் பிடிபட்டோருள் ஏறத்தாழ 50 பேர் அவ்வாண்டு செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் படை நீங்கியமைக்குச் சமயக் குறை ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. கடுந்தண்டனை, புலம்பெயர்ந்தோர் மீதான வெறுப்பு ஆகியனவும் உடனிருந்தன.

கோட்டை வாழ்வு

உள்நாட்டுப் போருக்குப் பின்னரும் நிலைய ஆன்மகுருப் பதவிகள் 30 மட்டுமே. கோட்டைகளோ நூற்றுக்கும் மேற்பட்டவை. எனவே வழிப்போக்காக வரும் மறைப்பணியாளரை எதிர்பார்த்தே பல கோட்டைகளின் கத்தோலிக்க வாழ்வு நடந்தது. குரு வரும் நாளில்தான் குழந்தைகளின் ஞானஸ்நானமும் திருமணங்களும் நிகழ்ந்தன. 1858இல் யூட்டாப் படையெடுப்பில் ஆன்மகுருவாக அமர்த்தப்பெற்ற பீட்டர் தெ ஸ்மெத், தொல்குடி மக்களிடையே நெடுங்காலம் பணியாற்றியவர். அம்மக்களின் நிலத்தைக் கவர்ந்த படைக்கும் அவர்களுக்கும் இடையே நின்ற அவரது நிலை, எல்லைப்புறக் குருத்துவத்தின் முரணைக் காட்டுகிறது.

திருத்தந்தையின் படையில் பணியாற்றிப் பதக்கம் பெற்ற ஐரிஷ் கத்தோலிக்கரான மைல்ஸ் கியோ, 1876இல் லிட்டில் பிக்ஹார்னில் மாண்டார். அவர் பெயர் தாங்கிய மான்டானாக் கோட்டையில் 1880 முதல் 1891 வரை லின்டெஸ்மித் என்னும் கத்தோலிக்கக் குரு ஆன்மகுருவாக விளங்கினார். 1884இல் அருகிலுள்ள மைல்ஸ் நகருக்கு உர்சுலின் கன்னியர் வந்தபோதும் அவர் துணைநின்றார். ஒரு குரு ஓரிடத்தில் நிலைத்திருந்தால் கோட்டையைச் சூழ்ந்த சமூகமும் பயனுறும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

அரசின் தேர்வுமுறை ஒருபுறமிருக்க, புதிய பங்குகளுக்கே குருக்கள் போதாத நிலையில் ஆயர்களும் கோட்டைகளுக்கு அவர்களை விடுவிக்கத் தயங்கினர். படைக்கெனத் தனி ஆயராகப் பேட்ரிக் ஹேய்ஸ் அமர்த்தப்பெற்றது 1917இல்தான். எண்ணிக்கையால் சமமாகத் தோன்றும் ஏற்பாடு, வழிபாட்டு முறை வேறுபடும் இடத்தில் சமமாகாது என்பதே எல்லைப்படை வரலாறு உணர்த்தும் உண்மையாகும். பல சமயத்தார் ஒரே கொடியின்கீழ்ப் பணிபுரியும் எப்படைக்கும் இது பொருந்தும்.